கேட்காமல் குடிக்கிற தண்ணீர்

காமயகவுண்டன்பட்டி
12.6.1974

அன்புத் தம்பி குருசாமிக்கு அக்கா அய்யம்மாள் எழுதியது. இங்கே நானும் உன் மருமகன் தங்கராசும் சுகமாக இருக்கிறோம். சென்னை வெயில் உன்னையும் உன் வீட்டுக்காரியையும் என்ன பாடு படுத்துகிறது? ஆஸ்பத்திரி வேலையில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

போன வாரம் ஊரே கம்பம் பஸ்ஸுக்காகக் காத்து நின்றது. மந்திரி யாரும் வரவில்லை. என் மூத்தார் சங்கரலிங்கம் மதுரையில் வயிற்று ஆபரேஷன் முடிந்து வந்து இறங்கினார். ஆளாளுக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்கள். நான் திராட்சைப் பந்தலுக்குக் கீழே கொடி கட்டிக்கொண்டு நின்றேன். யார் கூப்பிட்டும் போகவில்லை.

எப்படிப் போவேன்? வாய்க்கால் பாசன முறைக்குத் தம்பியான உன் மாமாவோடு வந்த சண்டையில், இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணற்றைப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்ட மனுஷன் அவர். அந்தச் சித்திரையில் நான் உனக்கு எழுதியிருந்தேன். தெருக்குழாய் வராத காலம், வாய்க்கால் தண்ணீரைக் குடித்து உன் மாமா வாந்திபேதியில் படுத்தார், மறுநாள் இருட்டுவதற்குள் போய்விட்டார். கோயில் முன்னால் நான் நியாயம் கேட்டபோது இந்த மனுஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்: "வாய்க்காத் தண்ணி என்ன வெசமா? ஊரே அதத்தான குடிக்கிது?" கூட்டம் கலைந்து அவரவர் வீட்டுக்குப் போனது. ஆறு வருஷமாக அந்தக் கேள்வி என் காதிலேயே நிற்கிறது.

வயிற்றுப்புண் ஆற நரம்பை வெட்டினார்களாம். அவர் பெண்டாட்டி, என் ஓரகத்தி சோணையம்மாள் தெருக்குழாயில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். தலையிலிருந்து வருகிற நரம்பாமே? அதை வெட்டினால் ஆள் எத்தனை நாளைக்குத் தாங்கும்? உனக்குத்தான் தெரியும், எழுது.

உன் அக்கா,
அய்யம்மாள்

*

சென்னை
20.6.1974

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். இங்கே இருவரும் நலம். உனக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? தங்கராசு ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறானா?

உன் கேள்வியைப் படித்துச் சிரித்துவிட்டேன். நரம்பை வெட்டினால் ஆள் சாக மாட்டார் அக்கா. என் வார்டிலேயே வாரத்துக்கு இரண்டு பேருக்கு வெட்டுகிறோம். மூளையிலிருந்து ஒரு நரம்பு கழுத்து வழியாக, உணவுக்குழாயை ஒட்டியபடி இரைப்பைக்கு இறங்குகிறது. அது சொன்னால்தான் இரைப்பையில் அமிலம் ஊறும். அமிலம் அதிகமானால் புண். அதனால் நரம்பை வெட்டிவிடுகிறோம், அமிலம் அடங்குகிறது, புண் ஆறுகிறது.

ஆனால் அந்த அமிலத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. தண்ணீரிலும் சோற்றிலும் வருகிற கிருமிகளைக் குடலுக்குள் போகுமுன் கொன்றுபோடுவது அதுதான். வயிற்றின் வாசலில் நிற்கிற காவல்காரன் என்று வைத்துக்கொள். நரம்பை வெட்டினால் அவன் தூங்கிப்போகிறான். நாம் குடித்துச் செரிக்கிற தண்ணீர் அந்த ஆளுக்கு வாந்திபேதியில் கொண்டுபோய் விடும். வெளிநாட்டில் காலரா வந்த ஊர்களில் இதைக் கணக்கெடுத்தே பார்த்திருக்கிறார்கள்.

அதனால் பழைய கோபத்தை விட்டுவிட்டு சோணையம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு. அவருக்குத் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, ஆற வைத்துத்தான் கொடுக்க வேண்டும். டாக்டர்கள் சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புத் தம்பி,
குருசாமி

*

காமயகவுண்டன்பட்டி
1.7.1974

தம்பிக்கு அக்காவின் ஆசி. இங்கே எல்லோரும் சுகம். முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. எண்ணெய் போட்டு நீவுகிறேன்.

உன் கடிதத்தைத் தங்கராசைவிட்டு இரண்டு முறை படிக்கச் சொன்னேன். பிறகு நானே நிறுத்தி நிறுத்திப் படித்தேன். நல்லா விளக்கியிருக்கிறாய். படித்த படிப்பு வீண் போகவில்லை.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. அப்போது வாய்க்கால் தண்ணீரை நான் குடித்தேன், நான் கொடுத்துச் சின்னப்பையன் தங்கராசும் குடித்தான். உன் மாமா மட்டும் ஏன் போனார்? அவர் நரம்பை யாரும் வெட்டவில்லையே.

இன்னொன்று. நரம்பு வெட்டின ஆளுக்கு எவ்வளவு தண்ணீர் போனால் கெடுதல்? குடமா, சொம்பா? கொதிக்க வைத்ததற்கும் பச்சைத் தண்ணீருக்கும் குடிக்கும்போது ருசியில் பேதம் தெரியுமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அய்யம்மாள்

*

சென்னை
9.7.1974

அன்புள்ள அக்காவுக்கு, நலம். உன் நலம் அறிய ஆவல்.

நீ மேலே படித்திருந்தால் என் வேலையை நீ பார்த்திருப்பாய். எங்கள் மாணவர்கள்கூட இப்படிக் கேட்பதில்லை.

மாமாவுக்கு நெஞ்செரிச்சல் இருந்தது, நினைவிருக்கிறதா? சாப்பிட்டு எழுந்ததும் ஆப்ப சோடாவைக் கரைத்துக் குடிப்பாரே. அது அமிலத்தை அடித்துப் போட்டுவிடும். நரம்பை வெட்டாமலே காவல்காரனைத் தூங்க வைப்பதுதான். உங்களுக்கெல்லாம் அமிலம் இருந்தது, அவருக்கு இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அளவைப் பற்றிக் கேட்டாய். கெட்ட தண்ணீராக இருந்தால் அரை டம்ளரே போதும். ருசியில் பெரிய பேதம் தெரியாது. காய்ச்சின தண்ணீர் கொஞ்சம் சப்பென்று இருக்கும்.

சோணையம்மாளிடம் சொன்னாயா? பதில் போடு.

குருசாமி

*

சென்னை
15.9.1974

அன்புள்ள அக்காவுக்கு, நலமா? இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. தங்கராசுக்குக் காய்ச்சலா? என் மேல் எதுவும் வருத்தமா? ஒரு கார்டாவது போடு. உன் எழுத்தைப் பார்க்காமல் இங்கே எதிலும் மனம் நிற்கவில்லை.

குருசாமி

*

காமயகவுண்டன்பட்டி
2.11.1974

தம்பிக்கு, சுகம். நீயும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன்.

திராட்சைக் கொடிக்குக் கவாத்து வெட்டி முடித்தோம். இந்த முறை பன்னீர்த் திராட்சைக்கு விலை பரவாயில்லை. மழை நன்றாகப் பிடித்திருக்கிறது. வாய்க்கால் செம்மண் கலங்கி ஓடுகிறது. மேலே சுருளிப்பட்டிப் பக்கம் ஐந்தாறு வீட்டில் பேதி என்று பேச்சு.

ஒரு நல்ல செய்தி. மூத்தார் மகளுக்குச் சின்னமனூரில் மாப்பிள்ளை முடிவாகியிருக்கிறது. அவருக்கு ஆண் வாரிசு இல்லை. பெண்ணுக்கு அண்ணன் தம்பி முறை செய்ய என் மகன்தான் நிற்க வேண்டும். பங்காளிக்குள் பகை இருந்தால் சம்பந்தமே வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்களாம். அதனால் ஆள் விட்டுக்கொண்டே இருந்தார். நானும் சரி என்றேன். நீதானே பழைய கோபத்தை விடச் சொன்னாய்?

பகைத்த பங்காளி கூடுவது எப்படி என்று உனக்குத் தெரியும். கோயில் முன்னால், பாதிக்கப்பட்ட வீட்டுப் பெண் ஒரு சொம்புத் தண்ணீரில் முதலில் ஒரு மடக்குக் குடித்துவிட்டு மற்றவருக்குக் கொடுக்க வேண்டும். அவர் மிச்சத்தைக் குடித்தால் பகை தீர்ந்தது. பிறகுதான் சாப்பாடு. கார்த்திகை முதல் திங்கட்கிழமை வைத்திருக்கிறது. தண்ணீர் நான் எடுத்து வர வேண்டும்.

லீவு கிடைத்தால் வா. கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

அக்கா

*

சென்னை
7.11.1974

அக்கா,

காலையில் தந்தியும் கொடுத்தேன், இதையும் எழுதுகிறேன். எந்தத் தண்ணீர் அக்கா? எங்கிருந்து எடுக்கப் போகிறாய்?

நான் முட்டாள். நீ என்ன கேட்கிறாய் என்று தெரியாமல், வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி அளவு முதற்கொண்டு எழுதிக்கொடுத்திருக்கிறேன். நேற்று உன் பழைய கடிதங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. மாமா மேல் ஆணை, அப்படி ஒன்றும் செய்துவிடாதே. அவர் செத்தால் மாமா திரும்பி வரப் போவதில்லை. தங்கராசை நினைத்துப் பார்.

இங்கே லீவு தர மறுக்கிறார்கள். தெருக்குழாயில் பிடித்துக் காய்ச்சிய தண்ணீரைக் கொண்டுபோ. கெஞ்சிக் கேட்கிறேன். உடனே பதில் எழுது.

குருசாமி

*

காமயகவுண்டன்பட்டி
21.11.1974

தம்பிக்கு, இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள நினைப்பாய்.

திங்கட்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். விடிந்ததும் நடந்து போய் வாய்க்காலில்தான் தண்ணீர் மொண்டேன். உனக்குப் பொய் எழுத மாட்டேன். உன் மாமாவுக்கு நான் மொண்ட அதே படித்துறை. புடவைத் தலைப்பால் இரண்டு முறை வடிகட்டினேன், பார்வைக்குப் பளிச்சென்று இருந்தது.

கோயில் முன்னால் நல்ல கூட்டம். பெரியவர் ஒச்சாண்டி நடுவில் உட்கார்ந்திருந்தார். சின்னமனூர்க்காரர்கள் ஒரு ஓரமாகப் பாயில் இருந்தார்கள். நான் ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொம்பை நீட்டினேன். மூத்தார் வாங்கினார். உதட்டுக்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"எங்கன எடுத்த தண்ணி இது?"

"வாய்க்காத் தண்ணிதான் மச்சான். ஊரே குடிக்கிற தண்ணிதான. குடிங்க."

முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போயிற்றோ, சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிட்டது. ஒச்சாண்டி பெரியவர் சிரித்தபடி, "என்னப்பா, வாங்கிக்கிட்டுப் பாத்துக்கிட்டே நிக்கிற? தொண்ட காயலையா?" என்றார். அவர் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. தண்ணீர் சிந்தி வேட்டி நனைந்தது.

கடைசியில் அவர் பெண்டாட்டிதான் ஓடி வந்து கையைப் பிடித்தாள். "ஆத்தாடி, குடிச்சிறாதீக! அந்தத் தண்ணி ஆளக் கொன்னுரும்னு டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொன்னாகள்ல!"

ஒச்சாண்டி பெரியவர் மெதுவாக எழுந்தார். "ஏலே சங்கரலிங்கம், இதே எடத்துல நின்னுதான வாய்க்காத் தண்ணி என்ன வெசமான்னு கேட்ட? இப்பச் சொல்லு. வெசமா, இல்லையா?"

"எனக்கு நரம்ப வெட்டிட்டாக. அதான் எனக்கு ஆகாது" என்றார்.

நான் சொன்னேன்: "உங்களுக்கு ஆகாதுன்னதும் ஒரு சொம்புக்கே கை நடுங்குது. அவருக்கு ஆகுமா ஆகாதான்னு கெணத்தப் பூட்டுறப்ப கேட்டீகளா மச்சான்?"

அரைஞாணில் இருந்து சாவியை அவிழ்த்துத் தாம்பாளத்தில் வைத்தார். தலை நிமிரவே இல்லை. ஆறு வருஷமாக நான் பார்க்க ஆசைப்பட்டது அதைத்தான். பார்த்தும் வயிறு நிறையவில்லை தம்பி. அவர் அதைக் குடித்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முறைப்படி குடிக்காமல் பகை தீராது என்று சின்னமனூர்க்காரர்கள் முணுமுணுத்தார்கள். அப்போது நான் ஒரு வழி சொன்னேன். தை மாதம் முகூர்த்தம் வரைக்கும் தினமும் காலையில் மூத்தார் என் வீட்டுக்கு வந்து என் கையால் ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்க வேண்டும். எந்தத் தண்ணீர் என்று கேட்கக் கூடாது. ஒரு நாள் தவறினாலும் என் மகன் மணையில் நிற்க மாட்டான்.

மகள் முகத்தைப் பார்த்தார், ஒத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து வருகிறார். நான் குடித்த மடக்கு என்னை ஒன்றும் செய்யவில்லை. என் காவல்காரன் முழித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

அய்யம்மாள்

*

சென்னை
16.12.1974

அன்புள்ள அக்காவுக்கு, நீ நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

சோணையம்மாள் எனக்குக் கார்டு போட்டிருக்கிறாள். "டாக்டர் தம்பி, உங்க அக்கா என்ன தண்ணி குடுக்குதுன்னு கேட்டுச் சொல்லுங்க. இவுக சாப்பிடுறதில்ல, தூங்குறதில்ல. நாளுக்கு ஆறேழு தடவ வயித்தால போகுது. பாதி ஆளாப் போயிட்டாக" என்று எழுதியிருக்கிறாள்.

அக்கா, நரம்பை வெட்டியதால் பயம் வயிற்றுக்குப் போகாது என்று நினைக்காதே. நாங்கள் வெட்டுவது ஒரு வழியைத்தான். முதுகுத் தண்டிலிருந்து குடலுக்கு வேறு நரம்புகள் போகின்றன. குடலுக்குள்ளேயே தனியாக ஒரு நரம்புக் கூட்டமும் இருக்கிறது. பயம் எந்த வழியிலாவது இறங்கிவிடும். தூக்கம் கெட்டு மனம் கெட்டால் குடலில் மிச்சம் இருக்கிற காவலும் தளர்ந்துபோகும் என்று சிலர் எழுதுகிறார்கள். முழுசாக நிரூபிக்கவில்லை. ஆனால் வார்டில் நான் பார்க்கிறேன்.

நீ கொடுப்பது பச்சைத் தண்ணீரா, காய்ச்சியதா? ஒரே ஒரு வரி எழுது. பச்சைத் தண்ணீர் என்றால் நான் வேலையை விட்டுவிட்டுப் புறப்பட்டு வந்து தடுப்பேன். காய்ச்சியது என்றால் அவரிடம் சொல்லிவிடு, பிழைத்துப் போகட்டும்.

குருசாமி

*

காமயகவுண்டன்பட்டி
27.12.1974

தம்பி குருசாமிக்கு அக்கா எழுதியது. இங்கே மார்கழிப் பனி கடுமையாக இருக்கிறது. முட்டி மடக்க முடியவில்லை.

நீ கேட்ட வரி இதோ. காய்ச்சின தண்ணீர்தான். முதல் நாளிலிருந்தே. இருட்டோடு எழுந்து, கவாத்து வெட்டின கொடிக்குச்சியைப் போட்டு எரித்து, தளதளவென்று கொதிக்க விடுகிறேன். ஆற வைத்துப் புதுப்பானையில் ஊற்றி மூடி வைக்கிறேன். சப்பென்று தெரியக் கூடாது என்று ஒரு துளசி இலை போடுகிறேன். மதுரை ஆஸ்பத்திரியில்கூட அவருக்கு இவ்வளவு சுத்தமான தண்ணீர் கிடைத்திருக்காது.

அவர் வந்து நிற்கிறார். சொம்பைக் கையில் கொடுக்கிறேன். உள்ளே குனிந்து குனிந்து பார்க்கிறார். கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறார். அப்புறம் மறுநாள் விடிகிற வரைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்கா நாளைக்கா என்று எண்ணிக் கிடக்கிறார். முகூர்த்தம் வரை சொல்ல மாட்டேன், நீயும் சொல்லக் கூடாது. செத்தால் ஒரு நாளோடு முடிந்துபோகும். எனக்கு அது போதாது.

ஆனால் ஒன்று நான் எதிர்பார்க்கவில்லை. அடுப்பின் முன்னால் உட்கார்ந்து தண்ணீர் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேனே, அப்போது தினமும் ஒரு கேள்வி வருகிறது. இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது? விறகு இருந்தது, பானை இருந்தது, கை கால் நன்றாக இருந்தது. உன் மாமாவுக்கு இதை நான் ஏன் செய்யவில்லை?

எனக்குத் தெரியாது தம்பி. அதனால் செய்யவில்லை.

கிணற்றைப் பூட்டியதும் உனக்கு எழுதினேன். "வாய்க்கால் தண்ணீர்தான் குடிக்கிறோம், உன் மாமாவுக்கு வேறு நெஞ்செரிச்சல், சோடா கரைத்துக் கொடுக்கிறேன்" என்றுதான் எழுதினேன். நீ டாக்டர் படிப்பில் கடைசி வருஷம். பதில் வந்தது. "நலம், நலமறிய ஆவல்" என்று இருந்தது. பரீட்சை நன்றாக எழுதியதையும் கடற்கரையில் காற்று வாங்கியதையும் எழுதியிருந்தாய். தண்ணீரைக் காய்ச்சிக் குடி அக்கா, சோடாவை நிறுத்து என்று ஒரு வரி இல்லை. பத்தாம் நாள் உன் மாமா போய்விட்டார்.

இந்த வருஷம் சங்கரலிங்கத்தைப் பற்றி நான் எழுதினேன். நலம் கெட்டுப்போகட்டும் என்று நினைத்துத்தான் எழுதினேன். அவருக்கு முதல் கடிதத்திலேயே காய்ச்சிக் கொடுக்கச் சொல்லி எழுதிவிட்டாய். பகையாளிக்கு எழுதிய வரியை என் புருஷனுக்கு எழுத உனக்குக் கை வரவில்லையே. அதைப் படித்த அன்றே நெஞ்சு எரிந்தது. அடுத்த கடிதத்தில் சோடா விஷயத்தையும் எழுதினாய். இரண்டு மாதம் நான் பேசாமல் இருந்தது அதனால்தான்.

பூட்டியவர் தினமும் வந்து குடித்துவிட்டுப் போகிறார். சோடா கரைத்துக் கொடுத்தவள் நான் தினமும் அடுப்பின் முன்னால் வேகிறேன். எழுதாதவன் நீ மட்டும் சென்னையில் சுகமாக இருந்துகொண்டு எனக்குப் புத்தி சொல்கிறாய்.

பொங்கலுக்கு வா. பஸ் ஏறி வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பதுதானே நம் வழக்கம்? உனக்கும் ஒரு சொம்பு வைத்திருப்பேன். உன் நரம்பு உன்னிடம் பத்திரமாக இருக்கிறது, பயப்படாதே. ஆனால் எந்தத் தண்ணீர் என்று கேட்காமல் குடிக்க வேண்டும்.

அய்யம்மாள்

*

சென்னை
3.1.1975

அக்கா,

நலமா என்று எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன். அந்த வார்த்தையை உனக்கு இனி எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சோணையம்மாள் கார்டுக்கும் பதில் போடவில்லை.

போகி அன்று காலையில் கம்பத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்து வருகிறேன். வழியில் எங்கும் எதுவும் குடிக்க மாட்டேன். வாசலிலேயே கொடு.

கேட்க மாட்டேன்.

குருசாமி